ளகரம் இருந்த இடம்

முற்பகல் 11.35.

பதுளை நீதிமன்ற வாசலில் சட்டத்தரணி மர்லியாவின் கைபேசி ஒலித்தது. மடுல்சீமையிலிருந்து அழைப்பு. தோட்டக் கம்பனி அமைத்திருந்த விசாரணைக் குழுவின் செயலாளர் பேசினார்.

"மிஸ், இன்னைக்கு ரெண்டரை மணி விசாரணை இனித் தேவையில்லைதானே?"

"ஏன் தேவையில்ல?"

"உங்க ஆபிஸ்ல இருந்துதானே மெயில் வந்திருக்கு. மூணு பொம்பளைகளும் முறைப்பாட்டை வாபஸ் வாங்குறாங்களாம். பத்து நாப்பத்திரெண்டுக்கு வந்துச்சு. இங்க வாசல்ல நின்னவங்களுக்கும் வாசிச்சுக் காட்டிட்டோம்."

மர்லியா கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"நான் அப்படி ஒண்ணும் அனுப்பல. விசாரணையை நிறுத்தாதீங்க."

"ரெண்டு மணிக்குள்ள எழுத்துல அனுப்புங்க மிஸ். யாரு, எப்படின்னு தெளிவா இருக்கணும். இல்லாட்டி குழு கலைஞ்சுரும்."

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்களிடம் அத்துமீறிக் கை வைத்த ஒரு வெளிக்கள உத்தியோகத்தர் மீதான முறைப்பாடு அது. பயந்திருந்த பெண்களில் மூன்று பேரைக் கையெழுத்துப் போட வைக்க மர்லியாவுக்கு ஐந்து மாதம் பிடித்தது. இன்று கலைந்தால் மறுபடி ஒருவரும் வாய் திறக்கப்போவதில்லை.

அவர் முச்சக்கர வண்டியை மறித்து ஏறினார்.

முற்பகல் 11.50.

கடைவீதியில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் இருந்தது அலுவலகம். முன்னறையின் நீண்ட மர வாங்கில் ஆறேழு பேர் காத்திருந்தார்கள். அவர்களுக்கு எதிரே மேசை போட்டு அமர்ந்திருந்தார் எழுதுவினைஞர் பொன்னையா. பதினைந்து வருடமாக மர்லியாவிடம் இருப்பவர். உள்ளறையில் தட்டச்சு செய்பவள் கலாராணி. அலுவலக மின்னஞ்சல் அவளுடைய கணினியில் மட்டும்தான் எந்நேரமும் திறந்திருக்கும்.

மர்லியா நேரே உள்ளே போய், அனுப்பப்பட்டவற்றில் முதலாவதைத் திறந்தார்.

"நாங்கள் மூவரும் கொடுத்த முறைப்பாட்டை இத்தால் மீளப் பெறுகிறோம். பிறர் தூண்டுதலால் நாங்கன் அவ்வாறு எழுதிவிட்டோம். அவர் எங்களிடம் தவறாக நடக்கவில்லை. எங்கள் குடும்பங்கனின் மானத்தைக் கருதி விசாரணையை நிறுத்திவிடவும். இப்படிக்கு, வே. ராசம்மா, மு. தங்கமலர், பொ. சிவசக்தி."

அனுப்பிய நேரம் 10.42. அனுப்பிய கணினி இதுவே.

"கலா, இது என்ன?"

கலாராணி எட்டிப் பார்த்தாள். வாசித்து முடிப்பதற்குள் அவள் முகம் வெளிறியது.

"நான் அடிக்கல மிஸ்."

"பத்தே காலுக்கும் பத்தே முக்காலுக்கும் நடுவுல எங்க இருந்த?"

"வெளிய."

"வெளியன்னா?"

"பின்படிக்கட்டுல."

"அங்க என்ன வேலை?"

கலாராணி மேசைமேல் இருந்த தாள்களை அடுக்கினாள்.

"யாராவது உன்னைப் பார்த்தாங்களா?"

"இல்ல மிஸ்."

"திரும்பி வந்தப்ப ஏதாச்சும் மாறி இருந்துச்சா?"

"ஒண்ணும் மாறல. கம்பியூட்டர் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு, முறைப்பாடு குடுத்த மூணு பேரோட பேர் லிஸ்ட்டும் திறந்தபடியே கிடந்துச்சு. மூணாவது அடையாள அட்டை நம்பரைப் பாதியில விட்டுட்டுப் போயிருந்தேன். மிச்சத்தை அடிச்சா நம்பருக்குப் பதிலா எழுத்தா விழுந்துச்சு. திரும்ப நம்பர் பூட்டைப் போட்டு அடிச்சு முடிச்சேன். அவ்வளவுதான்."

மர்லியா அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் கண் மேசைமேல் இருந்த விசைப்பலகையில் நின்றது. உள்ளங்கை இரண்டை ஒட்டி வைத்த அளவுதான் அது. நாற்பத்தேழு விசைகள். ஒன்றிலும் எழுத்துக் கிடையாது. கொழும்பில் வேலை செய்யும் கலாராணியின் தம்பி நிஷாந்த் தன் கையால் பாகம் பாகமாகச் சேர்த்துச் செய்து கொடுத்தது. பத்தொன்பது வயதில் தேயிலைத் தொழிற்சாலை ரோலரில் அவளுடைய இடக்கையின் சின்னவிரலும் மோதிரவிரலும் போயின. மிச்ச எட்டு விரலுக்கும் எட்டுகிற மாதிரி எழுத்துகளை இடம் மாற்றி வைத்திருந்தார்கள்.

பொன்னையா கதவருகில் வந்து நின்றார்.

"முன்னறையத் தாண்டி யாரும் உள்ள போனாங்களா அண்ணே?" என்று மர்லியா கேட்டார்.

"இத்ரூஸ் மட்டும் மிஸ். போட்டோகொப்பிக் கட்டைக் கொண்டாந்து வச்சிட்டுப் போனாரு."

பக்கத்து அறையில் போட்டோகொப்பி இயந்திரம் வைத்திருக்கும் இத்ரூஸ் வரவழைக்கப்பட்டார்.

"பத்தரைக்கு வந்தேன். கலா தங்கச்சி கதிரையில இல்ல. கட்டை வச்சிட்டுத் திரும்பிட்டேன்."

"கம்பியூட்டரைத் தொட்டீங்களா?"

"அந்தப் பலகையையா? ஒரு நாள் தொட்டுப் பார்த்தேன் மிஸ், ஒரு சொல்லுகூட எடுக்க ஏலல."

பொன்னையா தொண்டையைச் செருமினார். "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். அந்தக் கீபோர்ட்ல கலாவைத் தவிர நம்ம யாராலயும் அடிக்க ஏலாது மிஸ். அவ அண்ணனும் முறைப்பாட்டுல இருக்கிற அந்தாளுக்குக் கீழதானே கங்காணியா இருக்கான். என்ன பயமுறுத்தினாங்களோ."

அது போதுமாக இருந்தது. மர்லியாவின் குரல் ஏறியது. கதவு திறந்தே இருந்தது.

"காலையிலயும் உன்னோட எழுத்துப் பிழைக்குத்தான் கத்தினேன். அப்பவும் நம்பிக்கையான பொண்ணுன்னு நினைச்சேன். கையைப் பார்த்து இரக்கப்பட்டு வேலைக்கு வச்சேன் கலா. அதுக்கு நீ செஞ்சது இதுதானா?"

முன்னறையில் பேச்சு நின்றுபோனது. வாங்கில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கலாராணி இடக்கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்தாள்.

"நான் போறேன் மிஸ். கீபோர்ட்டை மட்டும் எடுத்துக்கிறேன்."

"அது இங்கதான் இருக்கும். பொலிஸ் பார்க்கணும்."

அவள் பின்கதவால் வெளியேறினாள்.

பிற்பகல் 12.20.

மறுப்புக் கடிதம் எழுத மர்லியா அந்தக் கதிரையிலேயே உட்கார்ந்தார். தமிழ்த் தட்டச்சு அவருக்குப் பழக்கம்தான். படிக்கிற காலத்தில் கற்றது. வலக்கைப் பக்கம் எழுத்துகள் பெரும்பாலும் பழைய இடத்திலேயே இருந்தன. இடக்கைப் பக்கம்தான் புரியவில்லை.

'நாங்கள்' என்று தொடங்க நினைத்தார். முதல் எழுத்துகளைத் தடவித் தடவிக் கண்டுபிடித்தார். ளகரத்துக்காக இடது மோதிரவிரல் பழக்கப்படி போய் விழுந்த இடத்தில் ஒன்றும் அச்சாகவில்லை. சுற்றியிருந்த விசைகளையெல்லாம் அமுக்கினார். நாற்பத்தேழிலும் ளகரம் இல்லை.

பக்கத்தில் காலையில் அவரே சிவப்பு மையால் வட்டமிட்ட வரைவு கிடந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி அவர் கத்தியது அதற்காகத்தான். இப்போது அந்த வட்டங்களை வரிசையாக வாசித்தார். நாங்கல். பெண்கல். சொன்னார்கல். ஒருமுரை.

வாசித்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மூன்று பக்கத்திலும் பிழை அந்த ஒரே வகைதான். ளகரம் வர வேண்டிய இடத்தில் லகரம், றகரம் வர வேண்டிய இடத்தில் ரகரம். பென்சிலை எடுத்து எண்ணினார். ளகரம் சரியாக விழுந்த இடங்கள் அறுபதுக்கு மேல். தவறியது மூன்றே இடம். எழுத்துத் தெரியாத ஒருத்தி அறுபது தரம் சரியாக எழுத மாட்டாள்.

அவர் எழும்பிப் பின்படிக்கட்டுக்குப் போனார். கலாராணி நாலாவது படியில் சுவரோடு சாய்ந்து இருந்தாள்.

"கலா, உன் பலகையில ளகரம் எங்க இருக்கு?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "லகரத்துக்குக் கீழ மிஸ்."

"கீழயா?"

"வாங்க, காட்டுறேன்."

பிற்பகல் 12.45.

கலாராணி கணினியில் ஒரு செயலியைத் திறந்தாள். விசைப்பலகையின் படம் சதுரம் சதுரமாகத் திரையில் வந்தது. ஒவ்வொரு சதுரத்திலும் ஓர் எழுத்து. மேலே ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்குகள்.

"விசை குறைவுதானே மிஸ், அதனால ஒவ்வொண்ணுக்கும் மூணு வேலை. சும்மா அடிச்சா முதல் அடுக்கு. வலது கட்டைவிரல் விசையை அமுக்கிக்கிட்டு அடிச்சா ரெண்டாவது அடுக்கு. மோதிரவிரலும் சின்னவிரலும் அடிக்கிற எழுத்தை எல்லாம் நான் அங்க போட்டுட்டேன். ல அடிக்கிற இடத்துலயே கட்டைவிரலோட அடிச்சா ள. ர இடத்துல ற. ன இடத்துல ண. முதல்ல வேற மாதிரி வச்சுப் பார்த்தோம், மணிக்கட்டு வலிச்சுச்சு. தம்பி போன்ல சொல்லச் சொல்ல நானே மாத்தி மாத்தி, இருபது நாளுக்கு மேல, மூணு கிழமை போச்சு இதுக்கு."

"கட்டைவிரல் சரியா அமுங்கலன்னா?"

கலாராணி தலையைக் குனிந்தாள். "லகரம்தான் விழும்."

"ஏன் காலையில சொல்லல?"

"சொன்னா, கையைக் காட்டிச் சாக்குச் சொல்றேன்னு நினைப்பீங்க மிஸ். தோட்டத்து லயத்துப் புள்ளைக்குத் தமிழ் எழுத வராதுன்னு நினைச்சாலும் பரவாயில்லன்னு விட்டுட்டேன்."

மர்லியா அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் திரையைப் பார்த்தார்.

"படிக்கட்டுல என்ன செஞ்ச?"

"அழுதேன்."

"நான் கத்தினதுக்கா? அது ஒன்பது மணிக்கு முந்தியே."

"இல்ல மிஸ். பத்தே காலுக்கு பொன்னையா அங்கிள் வந்தாரு. லிஸ்ட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே நின்னாரு. அப்புறம் திடீர்னு, இந்தத் தமிழை வச்சுக்கிட்டு உன்னை எப்படித்தான் இங்க வச்சிருக்காங்களோன்னு சத்தம் போட்டாரு. அவர் ஒரு நாளும் அப்படிப் பேசினது இல்ல. என்னால அங்க இருக்க ஏலல, எழும்பிப் போயிட்டேன்."

மர்லியா மெதுவாகக் கேட்டார். "அப்ப நம்பர் அடிச்சுக்கிட்டிருந்த, இல்லையா? திரும்பி வந்தப்ப எழுத்து விழுந்துச்சுன்னு சொன்னியே. அதைத் திரும்பச் சொல்லு."

"நம்பர் எல்லாம் மூணாவது அடுக்கு. நிறைய நம்பர் அடிக்கணும்னா அந்த அடுக்கைப் பூட்டிடுவேன். போகும்போது பூட்டித்தான் இருந்துச்சு. பாதி நம்பர் அடிச்சிருந்தேனே."

"அது தானா எப்பத் திறக்கும்?"

"நான் திறக்கணும். இல்லாட்டி..." அவள் நிறுத்தினாள். "வயரைக் கழட்டி மாட்டினா முதல் அடுக்குக்குத் திரும்பிடும்."

மர்லியா எண் அடுக்கைப் பூட்டச் சொல்லி, ஒரு விசையைத் தட்டினார். திரையில் 4 விழுந்தது. மேசைக்குக் கீழே குனிந்து விசைப்பலகையின் வயரை உருவி, மறுபடி செருகினார். அதே விசையைத் தட்டினார்.

எழுத்து விழுந்தது.

கணினி அணையவில்லை. மின்சாரம் நிற்கவில்லை. பத்தே காலுக்கும் பத்தே முக்காலுக்கும் இடையில் யாரோ இந்தப் பலகையைக் கழற்றி, வேறொன்றை மாட்டி, கடிதத்தை அடித்து, மறுபடி இதை மாட்டியிருக்கிறார்கள்.

"அல்லாஹ்வே," என்றார் மர்லியா. "நீ அதை அப்பவே சொன்ன. நான் கேக்கல."

பிற்பகல் 1.10.

மர்லியா இரண்டு தாள்களை அச்சிட்டு எடுத்தார். ஒன்று மீளப்பெறும் கடிதம். மற்றது கலாராணி அடித்த பெயர்ப்பட்டியல். பொன்னையாவை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். இத்ரூஸும் வந்து சுவரோரம் நின்றார்.

"பொன்னையா அண்ணே, இந்தக் கடிதத்துல ரெண்டு பிழை இருக்கு. நாங்கன். குடும்பங்கனின். ளவுக்குப் பதிலா ன."

"கலா பிழை விடுறது புதுசா மிஸ்?"

"கலா விடுற பிழை வேற. அவளுக்கு விரல் தவறினா லகரம் விழும், நாங்கல்னு. அவ பலகையில ள வலக்கையில இருக்கு, ன இடக்கையில இருக்கு. ஒண்ணுக்குப் பதிலா மத்தது விழ வழியே இல்ல. சாதாரணப் பலகையில ளவும் னவும் பக்கத்துப் பக்கத்துல. மோதிரவிரல் கொஞ்சம் விலகினா ன விழுந்துரும். இதை அடிச்சவருக்கு இடக்கையில மோதிரவிரல் இருக்கு அண்ணே."

பொன்னையா சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"கலாவோட பலகையைக் கழட்டிட்டு வேற பலகை மாட்டியிருக்காங்க. எண் பூட்டு திறந்திருந்ததால அது தெரிஞ்சு போச்சு. கலாவால மட்டும்தான் இதுல அடிக்க ஏலும்னு நீங்க சொன்னது உண்மைதான். ஆனா இதுல அடிக்கவே இல்லையே."

"இத்ரூஸ்கிட்டயும் பலகை இருக்கு மிஸ்."

"இருக்கு." மர்லியா இரண்டாவது தாளை அவர் முன்னே தள்ளினார். "மூணாவது பேரைப் பாருங்க. முறைப்பாட்டுலயும் லிஸ்ட்டுலயும் ர. சிவசக்தி. புருஷன் பேரு ரமேஸ். அவ என்கிட்ட கையெழுத்துப் போட்டதும் அப்படித்தான். இப்ப உங்க கடிதத்தைப் பாருங்க. பொ. சிவசக்தி. இந்தப் பொண்ணு பேருக்கு முன்னால 'பொ'ன்னு போட இத்ரூஸுக்கு எப்படித் தெரியும்? கலாவுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாது. உங்க மகள் விருப்பத்துக்குக் கல்யாணம் முடிச்சுப் போயிட்டாள்னு ஆறு வருஷத்துக்கு முந்திச் சொன்னீங்க. எந்தத் தோட்டம்னு சொல்லல. சக்தின்னுதான் சொன்னீங்க."

பொன்னையா கதிரையில் உட்கார்ந்தார்.

"நீங்கதானே அண்ணே?"

"நான்தான்."

இத்ரூஸ் சத்தமில்லாமல் கதவைத் திறந்து வெளியே போனார்.

"யாராவது காசு தந்தாங்களா, பயமுறுத்தினாங்களா?"

"இல்ல மிஸ். ஒருத்தரும் இல்ல." அவர் பட்டியலைத் தன் பக்கம் இழுத்தார். "முறைப்பாட்டை நீங்களே பூட்டி வச்சிருந்தீங்க, இன்னைக்குத்தான் லிஸ்ட்டுல பேரைப் பார்த்தேன். பிறந்த வருஷம் அடையாள அட்டை நம்பர்லயே இருக்குதே. எம்புள்ளதான். ரெண்டரை மணிக்கு அத்தனை ஆம்பளைகளுக்கு முன்னால, அவன் எங்க கை வச்சான்னு கேப்பாங்க. அவ சொல்லணும். நாளைக்குப் பொழுது விடியறதுக்குள்ள மூணு தோட்டத்துக்கும் தெரிஞ்சுரும். கடைத்தெருவுல நான் எப்படி நடப்பேன்? அது ஒண்ணுதான் மிஸ் தலைக்குள்ள ஓடுச்சு. கலாவை வெரட்டினா எழும்பிப் போகும்னு தெரியும். இத்ரூஸ் வந்துட்டுப் போகட்டும்னு காத்திருந்தேன். என் மேசைக் கீபோர்ட்டைத் துணிக்குள்ள சுத்தி எடுத்துக்கிட்டு வந்தேன். அவசரத்துல அடிச்சேன். திரும்பிப் படிச்சுக்கூடப் பார்க்கல."

"பழி கலாமேல விழும்னும் தெரியும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "தெரியும்."

பிற்பகல் 1.25.

மர்லியா சிவசக்தியின் கைபேசிக்கு அழைத்து, ஒலியைக் கூட்டி மேசைமேல் வைத்தார். மறுமுனையில் காற்றின் இரைச்சல் கேட்டது. மூன்று பெண்களும் இன்னும் விசாரணை நடக்கவிருந்த தோட்டக் கந்தோர் வாசலில் நின்றிருந்தார்கள்.

"மிஸ், யாரு எழுதினது அது? ராசம்மா அக்கா அழுதுகிட்டே இருக்காங்க. நாங்க வாபஸ் வாங்கிட்டோமாம், பொய் சொன்னோமாம். எல்லாரும் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறாங்க."

மர்லியா பொன்னையாவைப் பார்த்தார். அவர் கைபேசியைத் தன் பக்கம் நகர்த்தினார்.

"நான்தான்மா எழுதினேன்."



"அப்பாவா?"

"ம்."

"வாசிச்சப்ப பொ. சிவசக்தின்னு சொன்னாங்க. தப்பா வாசிக்கிறாங்கன்னு நினைச்சேன்." அவள் மூச்சு வாங்குவது கேட்டது. "இனிமே என் பேரை உன் பேரோட சேர்க்காதன்னு நீங்கதானே சொல்லி அனுப்பினீங்க. ஆறு வருஷம் கழிச்சு நீங்களே சேர்த்திருக்கீங்க. இதுக்குத்தானா அப்பா?"

"வெக்கமா இருந்துச்சும்மா."

"எனக்கும்தான் இருந்துச்சு. அவன் செஞ்சதுக்கு நான் எட்டு மாசம் வெக்கப்பட்டேன். காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போக வெக்கம், ரமேஸ் மூஞ்சியப் பார்க்க வெக்கம். இப்பத்தான் விட்டேன். திரும்ப எடுத்துக் குடுக்காதீங்க."

பொன்னையா முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. மர்லியா கைபேசியை எடுத்தார்.

"சிவசக்தி, ரெண்டரைக்கு உள்ள போவீங்கதானே?"

"நாங்க வாசல விட்டு அசையவே இல்லையே மிஸ்."

பிற்பகல் 1.40.

பொன்னையா சொல்லச் சொல்லக் கலாராணி அடித்தாள். எந்தக் கணினி, எந்த விசைப்பலகை, எத்தனை மணி, என்ன உறவு, எல்லாம். "தட்டச்சு செய்யும் கலாராணிக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை" என்ற வரியை அவர் இரண்டு தரம் சொன்னார். இரண்டாவது தரம் அவளைப் பார்த்துச் சொன்னார். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கையெழுத்திட்ட தாள் படமெடுக்கப்பட்டு 1.52க்குப் போனது. 2.05க்குப் பதில் வந்தது. விசாரணை குறித்த நேரத்தில் நடக்கும் என்று இருந்தது. 2.31க்குச் சிவசக்தியிடமிருந்து இரண்டே சொல்லில் ஒரு குறுஞ்செய்தி: உள்ள போறோம்.

பொன்னையா அலமாரிச் சாவியை மேசைமேல் வைத்தார்.

"பொலிஸுக்குச் சொல்றதுன்னா சொல்லுங்க மிஸ். வீட்டுலதான் இருப்பேன்."

"அதைச் சிவசக்தியும் கலாவும்தான் முடிவு செய்யணும்."

அவர் தலையசைத்தார். கலாராணியின் மேசையைத் தாண்டும்போது நின்றார். பிறகு பின்படிக்கட்டு வழியாகவே இறங்கிப் போனார். முன்னறையைக் கடக்க அவருக்குத் துணிவில்லை.

உள்ளறையில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள். மர்லியா கதவைச் சாத்திவிட்டு வந்து, கலாராணிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நான் பிழை செஞ்சிட்டேன் கலா. அவர் சொன்ன உடனே நம்பினேன். உன் அண்ணனைப் பார்த்தேன், உன் பிழையைப் பார்த்தேன், உன் கையைப் பார்த்தேன். நீ சொன்னதை மட்டும் கேக்கல. என்னை மன்னிச்சிடு."

கலாராணி பெயர்ப்பட்டியலைச் சேமித்து மூடினாள். இடக்கை மேசைமேல், வெளிச்சத்தில் இருந்தது.

"நீங்க மன்னிப்புக் கேட்டது எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு மிஸ்," என்றாள். "திட்டினது எல்லாருக்கும் கேட்டுச்சு."

மர்லியாவின் காது மடல்கள் சுட்டன. கோபம் வரும் என்று ஒரு கணம் எதிர்பார்த்தார். வரவில்லை. வந்தது வெட்கம். சுவருக்கு அப்பால் யாரோ இருமினார்கள். வாங்கில் இன்னும் நாலைந்து பேர் காத்திருந்தார்கள்.

அவர் எழுந்தார். சாத்திய கதவை அகலத் திறந்து வைத்தார். முன்னறைக்குப் போய் அவர்கள் எல்லோருக்கும் எதிரே நின்று, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பேசத் தொடங்கினார்.